ஏரிக்கு நாட்டுமீன் திரும்ப வேண்டுமா? புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, ஆக்சிஜன் அடைத்த பைகளில் மீன்குஞ்சு வாங்கிவந்து, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஏரி ஒன்றில் விட்டோம். ‘நாட்டுக் கெளுத்தி’ என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். பையோடு நின்று போட்டோ எடுத்தோம், வாட்ஸ்அப்பில் போட்டோம், பாராட்டும் வந்தது. அடுத்த சித்திரையில் அந்த ஏரியில் வலை போடும் பெரியவர் ஒருவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், அன்னக்கூடையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் வளைந்து கிடந்தது. மண்வெட்டியைக் கவிழ்த்துவைத்த மாதிரி தட்டைத் தலை.

“இத யாரு தம்பி ஏரில வுட்டது? கெண்டப்பொடி ஒண்ணுகூட வலையில வுழல. எல்லாத்தையும் இதுதான் தின்னுட்டுக் கெடக்குது.”

ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்ட மீன். அதைக் காசு கொடுத்து வாங்கி, கைதட்டி ஏரிக்குள் விட்டவர்கள் நாங்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தவறிலிருந்து வந்தது. ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று இப்போது நிறையப் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணா, குஞ்சு எங்க கிடைக்கும்?” என்பதுதான். குஞ்சு விடுவது கடைசி வேலை. பெரும்பாலான ஏரிகளில் அந்த வேலையே தேவைப்படாது. அதற்கு முன்னால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம் பக்கத்துப் பெரிய ஏரிகள் எதுவும் தானாக உண்டானவை இல்லை. மனிதர் கரை கட்டித் தேக்கியவை. அதனால் ‘இந்த ஏரியின் நாட்டுமீன் எது’ என்று கேட்டால், ‘இந்த ஏரிக்குத் தண்ணீர் தரும் ஆற்றில் என்ன மீன் இருக்கிறது’ என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

வீராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி, ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளம். முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கொள்ளிடத்தில் அணைக்கரையிலுள்ள கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக இதற்குள் வருகிறது. மழைக்காலத்தில் மேற்கே அரியலூர் பக்கத்திலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வந்து சேரும். (கருவாட்டு ஓடை என்று பெயர் வைத்தவர்கள் அதில் எவ்வளவு மீன் பார்த்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.) ஆகவே வீராணத்து மீன் என்பது காவிரி, கொள்ளிடத்து மீன். சென்னைக்கு 2004 முதல் குடிநீர் போவதும் இதே தண்ணீர்தான். அதனால் கோடையில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஊசுட்டேரி. மழைத்தண்ணீரோடு சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வரத்து. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரிக்குப் பரவனாறு. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரும் அதில் சேர்கிறது.

முதல் மாத வேலை இவ்வளவுதான்: வரத்து வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி நடங்கள். சைக்கிள் வேண்டாம், நடங்கள். எங்கே ஷட்டர், எங்கே ஓரடிக்கு மேல் விழும் படி, எங்கே சாக்கடை சேர்கிறது, எங்கே யாரோ வாய்க்காலை அடைத்துக் கொசுவலை கட்டியிருக்கிறார் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறியுங்கள். அப்புறம் உபரிநீர் வழியும் கலிங்கலில் தொடங்கிக் கீழ்நோக்கி அதே மாதிரி. வீராணத்தில் உபரிநீர் வெள்ளியங்கால் ஓடையில் போகும். அங்கும் போய்ப் பாருங்கள். மீனுக்கு ஏரி என்பது கரைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் இல்லை.

இருக்கிற மீனைக் கணக்கெடுங்கள்

லால்பேட்டை, சேத்தியாத்தோப்பு, பாகூர் என்று உங்கள் ஏரி மீன் எந்தக் கடைத்தெருவுக்கு வருகிறதோ அங்கே விடியற்காலையில் போய் நில்லுங்கள். மீன் விற்கும் அக்காக்களிடம் முதல் நாளே ‘ஆய்வு’ என்றெல்லாம் பேசாதீர்கள். கால் கிலோ வாங்குங்கள். அடுத்த வாரம் மறுபடி வாங்குங்கள். மூன்றாவது வாரம் அவர்களே, “தம்பி, இன்னிக்கு ஒரு வாள வந்திருக்குது, பாக்குறியா” என்பார்கள்.

நம் பக்கத்து நன்னீர் நாட்டுமீன்களில் நீங்கள் தேடவேண்டியவை: விரால், குறவை, கெண்டை வகைகள், சேல்கெண்டை, கெளுத்தி, தேளி, ஆரல், அயிரை, உளுவை, பனையேறிக் கெண்டை, வாளை, விலாங்கு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் பலர் நாட்டுமீன் என்றே நினைக்கிறார்கள். அவை இந்திய மீன்கள்தான். ஆனால் கங்கைச் சமவெளியின் மீன்கள். குஞ்சு விட்டதால் இங்கே வந்தவை.

படம் எடுக்கும்போது கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளின் மேல் மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, துடுப்பு விரிந்திருக்கும்படி எடுங்கள். ஊர்ப்பெயரை அப்படியே எழுதுங்கள். ஒரே பெயரை இரண்டு ஊரில் இரண்டு மீனுக்குச் சொல்வார்கள். படம் இருந்தால் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

எங்களைப்போல் ஏமாறாமலிருக்க மீசைக்கார மீன்களைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். முதுகைப் பாருங்கள். நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு சின்னத் துடுப்பு, அதற்குப் பின்னால் சதையாக இன்னொரு துடுப்பு. தேளிக்கு முதுகில் பேருக்கு ஒரு சின்னத் துடுப்பு, வயிற்றுப் பக்கம் நீளத் துடுப்பு. கன்னத்தருகே இருக்கும் முள் விஷ முள், குத்தினால் அன்றைக்கு வேலை ஓடாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஒரே நீளத் துடுப்பு. நம் நாட்டிலும் அதே குடும்பத்தில் ஒரு மீன் உண்டு என்பதால் குழப்பம் வரும். கிலோக்கணக்கில் பெருத்திருந்தால் பெரும்பாலும் அயல்மீன்தான். குட்டியாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். ஊகித்து ஏரியில் திருப்பி விடாதீர்கள்.

விராலைக் கொஞ்சம் பக்கத்தில் பார்ப்போம்

எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று ஏட்டில் படிப்பதைவிட ஒரு விரால் குடும்பத்தைப் பார்த்தால் போதும். என்னை அழைத்துப் போய்க் காட்டியவர் அந்தக் கூடைக்காரப் பெரியவரேதான். ஐப்பசி, மழைவிட்ட மறுநாள் காலை. ஏரி உள்வாயில் கோரை முளைத்த, முழங்கால் ஆழத் தண்ணீர். “தம்பி, காலத் தூக்கி வெக்காத, அப்படியே நில்லு” என்றார்.

கோரைக்கு நடுவே தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம் புல் விலகியிருந்தது. அதன் மேல் மஞ்சள் மணிகள் எண்ணெய்போல மிதந்தன, முட்டைகள். கீழே நிழலாக ஒரு மீன், அசையவே இல்லை. பத்தடி தள்ளி இன்னொரு குடும்பம். அங்கே முட்டை பொரித்துச் சில நாள் ஆகியிருக்கும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான பொடிகள் ஒரே உருண்டையாகத் திரண்டு மூச்சுவிட மேலே வந்தன, கீழே போயின. தண்ணீரின் மேல்பரப்பு உலை கொதிப்பதுபோல் இருந்தது. தாயும் தகப்பனும் அடியில் காவல்.

அந்தக் கொதிப்பைப் பார்த்துத்தான் தூண்டில்காரர்கள் தவளையைக் கோர்த்து நடுவில் போடுவார்கள். குஞ்சைக் காக்க விரால் பாய்ந்து கவ்வும். ஒன்றரைக் கிலோ மீன் கையில் வரும். காவல் போனபின் அந்தச் செம்மஞ்சள் உருண்டை சாயங்காலத்துக்குள் கொக்குக்கும் ஜிலேபி மீனுக்கும் தீனி.

இதில் மூன்று வேலை அடங்கியிருக்கிறது: கோரை இருக்க வேண்டும், ஆழமில்லாத ஓரம் இருக்க வேண்டும், குஞ்சோடு திரியும் விராலை ஒரு மாதம் தொடக்கூடாது. எங்கள் ஊரில் மூன்றாவதற்கு எந்தப் பலகையும் வைக்கவில்லை. தூண்டில் போடும் பையன்களில் நான்கு பேரை அந்தக் கோரைக்குள் கூட்டிப்போய்க் காட்டினோம். அதில் இரண்டு பேர் நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் நிறுத்தவில்லை.

கரையோரத்தைச் சவரம் செய்யாதீர்கள்

‘ஏரியைச் சுத்தம் செய்கிறோம்’ என்று ஜேசிபி வைத்துக் கரையோரச் செடி எல்லாவற்றையும் வழித்து எடுப்பதுதான் நல்ல எண்ணத்தோடு நடக்கும் பெரிய கெடுதல். கெண்டைகள் முட்டையை ஒட்டவைப்பது தண்ணீருக்குள் இருக்கும் பாசியிலும் புல்லிலும். ஆரல் ஒளிவது வேரிடுக்கில். சம்பு, கோரை, அல்லி, கொட்டி, வேலம்பாசி இவையெல்லாம் இருக்க வேண்டியவை.

எடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஆகாயத்தாமரை. வெயிலும் சாக்கடையும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். தண்ணீரை மூடி, அடியில் காற்றில்லாமல் செய்துவிடும். இன்னொன்று, நம் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரையே தாங்கி ஊர் ஊராய்ப் பரவிய நெய்வேலிக் காட்டாமணக்கு.

ஆகாயத்தாமரையைக் காற்று ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்த நாளில் எடுங்கள். பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். தென்னை மட்டைகளைக் கயிற்றில் கோர்த்து மிதக்கவிட்டு வளைத்து இழுத்தால் பத்துப் பேர் ஒரு காலையில் நல்ல பரப்பைக் கரைசேர்க்கலாம். கரையில் குவித்ததை உடனே வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். ஓரிரு மணி நேரம் தண்ணீர் விளிம்பிலேயே விடுங்கள். வேருக்குள் சிக்கிய அயிரையும் இறாலும் உளுவையும் தாமாக இறங்கிப்போகும். அப்புறம் கரைக்கு அப்பால் கொண்டுபோய் மக்கவையுங்கள்.

காட்டாமணக்கை வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிப்போட்ட குச்சி சேற்றில் பட்டால் அங்கேயே வேர்விடும். மழைக்கு முன் ஆனி, ஆடியில் தரை காய்ந்திருக்கும்போது செய்வது சுலபம். களைக்கொல்லி எதற்கும் வேண்டாம். இரண்டு செடியையும் ஒரே வருடத்தில் முழுதாக ஒழிக்கவும் நினைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு எடுத்து, அந்த இடத்தில் கோரையும் அல்லியும் பிடித்த பிறகு அடுத்த பங்கு. இப்போதைக்குக் குஞ்சுகளுக்கு நிழல் அந்தக் களைதான்.

“புல்கெண்டை விட்டால் களையைத் தின்றுவிடும்” என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். தின்னும். காட்டாமணக்கை அல்ல, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் வேலம்பாசியை.

மடு

கோடையில் ஏரி வற்றும்போது தாய்மீன்கள் எங்கே போகும்? உள்வாயின் பள்ளமான இடங்களுக்கு. மடு என்போம். வைகாசி, ஆனிவரை அங்கே இடுப்பளவுத் தண்ணீர் நின்றால் அடுத்த புதுத்தண்ணீருக்கு விதை மீன் மிச்சமிருக்கும். விராலும் குறவையும் தேளியும் வெளிக்காற்றை மூச்சிழுத்துச் சேற்றில்கூடச் சமாளிக்கும். கெண்டையும் வாளையும் சமாளிக்காது.

தூர்வாரும்போது இதைத்தான் கெடுக்கிறோம். ஏரித் தரையைக் கேரம் பலகைபோலச் சமமாக வழித்துவிட்டால், தண்ணீர் குறையும்போது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் குறையும், ஒரே வாரத்தில் முடியும். உங்கள் ஏரியில் வண்டல் எடுக்கும் வேலை வருகிறது என்று தெரிந்ததும் நீர்வளத் துறைப் பொறியாளரைப் பார்த்து இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். கரையிலிருந்து தள்ளி, மதகு மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மடுக்களை விடமுடியுமா? ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் மாடு இறங்கும் சரிவாக விடமுடியுமா? கேட்ட இடத்திலெல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன் கேட்டால் செலவில்லாத காரியம். முடிந்த பின் கேட்டால் இன்னொரு எஸ்டிமேட்.

மடு இருந்தால் மட்டும் போதாது, கோடையில் அதில் வலை விழக்கூடாது. மூன்று மடு இருந்தால் ஒன்றையாவது விட்டுவிடும்படி ஊரில் பேசுங்கள். நடுவில் முள்ளுக் கிளைகளைக் கட்டாகப் போட்டுவைப்பது பழைய உத்தி: வலை சிக்கும், மீன் ஒளியும்.

ஏறுகிற வழி

புதுவெள்ளம் வந்ததும் கெண்டை, கெளுத்தி, ஆரல் எல்லாம் தண்ணீருக்கு எதிராக ஏறும். ஏத்துமீன் என்கிறோமே, அது முட்டையிடப் போகும் கூட்டம். பனையேறிக் கெண்டை ஈரத்தரையிலேயே செவுளை ஊன்றி நகர்ந்துபோகும். வயிற்றில் சினையோடு வாய்க்காலில் நெருக்கியடித்து ஏறும்போது குறுக்கே கொசுவலையைக் கட்டி அள்ளுவது சுலபம். ஒரு ஏரியின் அடுத்த வருட மீனை ஒரே ராத்திரியில் தீர்த்துவிடலாம்.

நான் முதலில் இதைச் சட்டம் பேசித் தடுக்கப் பார்த்தேன். சண்டைதான் மிச்சம். பிறகு ஊர்க்கூட்டத்தில் வைத்து, “முதல் தண்ணி வந்து பதினஞ்சு நாள் மட்டும் வாய்க்கா குறுக்க வல வேணாம், அப்புறம் பொழங்குங்க” என்று பெரியவர்களை விட்டுச் சொல்லவைத்தோம். முழுக்க நின்றது என்று சொல்லமாட்டேன், பாதி நின்றது. வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் வேறு கதை. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். பேட்டரியில் ஷாக் வைப்பவர்களையும் சேர்த்து, இவர்களிடம் நீங்களே போய் மோதாதீர்கள், போலீஸுக்குத் தகவல் கொடுங்கள்.

சின்னச் சின்னத் தடுப்புகளில் தண்ணீர் செங்குத்தாக விழும் இடம் மீனுக்குச் சுவர். அங்கே கீழ்ப்பக்கம் பெரிய கற்களைச் சரிவாக அடுக்கிவிட்டால், இடுக்குகளில் தங்கித் தங்கி மீன் ஏறும். ஓரடி உயரத்துக்கு இருபதடி நீளம் என்ற கணக்கில் சரிவு இருந்தால் சிறு கெண்டைக்கும் தாங்கும். சும்மா கொட்டிய கல் முதல் வெள்ளத்தில் போய்விடும், அகலக் கல்லைத் தரையில் பதிக்க வேண்டும். துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கி ஒருவர் வயலில் ஏறினால் உங்கள் குழுவின் கதை அன்றோடு முடிந்தது.

விலாங்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது முட்டையிடுவது கடலில். குட்டிகள் முகத்துவாரம் வழியாக ஆறேறி வந்து நம் ஏரிகளில் வருடக்கணக்கில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். ஏரிக்குள் எவ்வளவு வேலை செய்தாலும் கீழ்வழி அடைபட்டிருந்தால் விலாங்கு வராது. உங்கள் கணக்கில் ஒரு குட்டி விலாங்கு தென்பட்டால், கடல்வரை எங்கோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எவர்சில்வர் தட்டு ஒன்றில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, கயிறு கட்டி, கல் தொங்கவிட்டு இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்து எழுதுங்கள். ஒரு முழம் தெரிந்தால் நல்லது. வெள்ளம் வந்த வாரத்தில் சேறாக இருப்பது இயல்பு. வெள்ளம் எதுவும் இல்லாமல் பச்சைப் பெயின்ட் கரைத்ததுபோல் ஒரு சாண்கூடத் தெரியவில்லை என்றால் எங்கோ சாக்கடையோ உரத்தண்ணீரோ சேர்கிறது.

தண்ணீரில் கரைந்த காற்று மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில். ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள்: கெண்டைகள் மேலே வாயைப் பிளந்து தவிக்கின்றனவா? லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நிம்மதி. சோதனைப் பெட்டி மீன் வளர்ப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மதியம் அளந்து ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

வேண்டாத மீன்கள்

ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இனி ஒழிக்க முடியாது, குறைக்கலாம். ஏரி வற்றும்போது உள்வாய்ச் சேற்றில் தோசைக்கல் அளவுக்கு வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி தோண்டிய கூடுகள் அவை. பெண் முட்டையை வாயில் கவ்விக் காத்து வருடத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். கோடையில் குழிகள் நிறைந்த பக்கமாக வலை போடச் சொல்லுங்கள், எவ்வளவு பிடித்தாலும் தகும். விராலும் வாளையும் பெருகினால் அவையும் ஒரு பங்கு தின்னும்.

மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் இரக்கப்பட்டு ஏரியில் விடுகிறார்களே, அந்தச் செதில் கவசக்காரன் (சக்கர் மீன்) வலையைக் கிழிக்கும், கரையில் பொந்து போடும். கொசுவுக்காக விடப்படும் கம்பூசியாவும் பிற மீன்களின் முட்டையையும் பொடியையும் தின்னும். கொசுப்புழு தின்ன நம்மிடமே மீன் உண்டு. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்துக்கொண்டு மேல்தண்ணீரில் நீந்தும் சின்ன மீனை வாய்க்காலில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

வலையில் வந்த அயல்மீனைத் திருப்பி விடாதீர்கள். குழம்புக்கு ஆகும்.

குத்தகை, அனுமதி

பெரிய ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும். குத்தகை எடுத்தவர் பணம் போட்டு கட்லா, ரோகு விட்டிருப்பார். அவரைப் பகைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. விரால் கிலோ விலை எப்போதும் கட்லாவைவிடக் கூடுதல், அதற்குக் குஞ்சு வாங்கும் செலவும் இல்லை. அந்தக் கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். நாங்கள் கேட்டது இரண்டுதான்: சின்னக் கண்ணி வலை வேண்டாம், கோரை ஓரம் இருநூறு மீட்டர் மழை முடியும்வரை விட்டுவிடுங்கள். இருநூறு கேட்டோம், நூறு கொடுத்தார்.

ஊசுட்டேரியில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு: அதன் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது. அங்கே களை எடுப்பதென்றாலும் பறவை கூடுகட்டும் காலம் பார்த்து அவர்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

அப்படியும் குஞ்சு விடவேண்டியிருந்தால்

மேலே சொன்னதெல்லாம் செய்து இரண்டு மழை பார்த்தும் ஒரு மீன் திரும்பவில்லை, ஆனால் முன்பு இருந்தது என்று ஊர்ப்பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள் என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். தாய்மீன் அதே ஆற்றுப் படுகையிலிருந்து வந்திருக்க வேண்டும். வீராணத்துக்குக் கொள்ளிடத்து மீன், பாகூருக்குப் பெண்ணையாற்று மீன். மீன்வளத் துறைப் பண்ணையில் கேளுங்கள்; ஆறுகளில் நாட்டின மீன்குஞ்சு விடும் திட்டங்கள் இப்போது அரசிடமே இருக்கின்றன. தனியாரிடம் வாங்கினால் பையைப் பிரித்து, வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது அந்த அரைமணி நேர வேலைதான்.

விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள். விரால் குஞ்சென்றால் ஒரே அளவாகப் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். பையை இருபது நிமிடம் ஏரித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏரித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, கடைசியில் பையைச் சாய்த்து அவையாக நீந்திப்போக விடுங்கள். வெயில் தாழ்ந்தபின், கோரை ஓரமாக. மேடை போட்டு, அமைச்சர் வரும்வரை பகல் பன்னிரண்டு மணி வெயிலில் பையை வைத்திருந்த நிகழ்ச்சி ஒன்றையும் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் காக்கைகளுக்கு நல்ல வேட்டை.

நோட்டு

மாதம் ஒருமுறை, ஒரே ஆள், ஒரே வீச்சுவலை, ஒரே இடம், காலை ஒரே நேரம், இருபது வீச்சு. விழுந்ததை இனம்வாரியாக எண்ணி எழுதி, நாட்டுமீனை ஈரக்கையால் எடுத்துத் திருப்பி விடுங்கள். எங்கள் குழுவில் அந்த ஆள் கூடைக்காரப் பெரியவர், எழுதுவது நான். ஒன்றும் விழாத மாதத்தையும் எழுதுங்கள். பூஜ்ஜியம் எழுதாத நோட்டை வைத்து யாரிடமும் பேச முடியாது. முதல் வருடம் சின்னக் கெண்டைகள் எண்ணிக்கையில் கூடும், அது சுலபமான வெற்றி. விரால் இரண்டாம் வருடம். ஆரலும் வாளையும் எளிதில் வராது.

நாங்கள் எழுதத் தொடங்கி நான்காவது வருடம், ஐப்பசியில் ஒரு காலை. பதினேழாவது வீச்சில் பழுப்பு நிறத்தில் ஒன்று வலைக்கண்ணியில் நெளிந்தது. பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்து, முதுகு முள்ளைத் தடவிப் பார்த்தார்.

“ஆரல்தான். எழுதிக்க.”

அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: கெண்டை 61, குறவை 4, விரால் 2, கெளுத்தி 9, ஜிலேபி 33, ஆரல் 1, ஆப்பிரிக்கக் கெளுத்தி 2.